கதைக்கு இல்லை

பேருந்தில் முன் இருக்கைப் பெண்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்த விஷயம் முடியாததால், எழுத்தாளர் தன் நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டார். இப்போது திரும்பி நடந்து வருகிறார். ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் வார் அறுந்த செருப்பு. அடுக்குமாடியின் வாசலில் என்னைப் பார்த்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே நியாயம் கேட்கிறார்.

“நீயே சொல்லு தம்பி. மருமக வீட்டப் பூட்டிட்டுக் கிளம்பிட்டா. சாவி யார்கிட்டன்னு தெரியல. அந்த இடத்துல எப்படி இறங்குறது?”

“சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

“அதச் சொல்றதுக்குள்ள அவங்க இறங்கிட்டாங்க.”

அன்று முழுவதும் அந்தச் சாவி என்னையும் வேலை செய்ய விடவில்லை. அவரோடு பழகுவதில் உள்ள தொந்தரவு இதுதான்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. ஆறு நாவல் எழுதியிருக்கிறார். நான் அவருக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. அவர் எழுதுவதில் ஒற்றெழுத்து எங்கே விழும், எங்கே விழாது என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

முப்பது வருடம் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுத்தவர். “குழாய்ல தண்ணி வரலன்னு ஆரம்பிப்பாங்க. அஞ்சு நிமிஷத்துல மாமனார் வரைக்கும் வந்துடுவாங்க. நான் பாட்டுக்கு ம்… ம்…னு கேட்டுக்கிட்டே இருப்பேன்.” ஒரு அழைப்பை மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மேலதிகாரி இரண்டு முறை எழுத்திலேயே எச்சரித்தார். இரண்டாவது எச்சரிக்கைக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் முதல் நாவலின் முதல் பத்தி எழுதப்பட்டது. “எழுதறதுல என்ன பெரிய வித்தை இருக்கு? காது கொடுக்கணும். கொடுத்த காதத் திருப்பி வாங்கக் கூடாது. அவ்வளவுதான்” என்பார். கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால் இதையே நாற்பது நிமிடம் சொல்வார்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். அப்படிப்பட்டவரின் மனைவி இரண்டு கண்ணாடிகளோடு திரிகிறார். ஒன்று மூக்கில், ஒன்று தலையில். இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும்படி கணவர் ஒரு கண்ணாடி செய்து கொடுத்தார். அது அலமாரியில் இருக்கிறது. “ஒண்ணு எழுத, ஒண்ணு எட்டிப் பாக்க. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா வேலையில கவனம் போயிடும்” என்பது இவர் கட்சி.

எழுதுவதற்கென்று ஒரு அறையையும் கணவர் ஒழித்துக் கொடுத்தார். மேஜை, விளக்கு, கதவுக்குத் தாழ்ப்பாள். இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு மூன்றாம் நாள் வெளியே வந்துவிட்டார். “அங்க யாருமே பேச மாட்டேங்கறாங்க.” இப்போது அந்த அறையில் துணி காய்கிறது. எழுத்து நடப்பது சாப்பாட்டு மேஜையில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில். தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அவர் தோளுக்கு மேலாக ஒரு வரி படித்துவிட்டுப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் வாரத்துக்கான துணிகளை இஸ்திரி போடுவார். இவர் எழுதியதைப் படித்துக் காட்டுவார். எதைப் படித்தாலும் அவர் சொல்வது ஒன்றே: “நல்லாதான் இருக்கு.” அதனால் எழுத்தாளர் வாயை நம்புவதை விட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கவனிக்கத் தொடங்கினார். பெட்டி நிற்காமல் ஓடினால் அத்தியாயம் குப்பைக்குப் போகும். ஓரிடத்தில் நின்றால் தப்பிக்கும். இதுவரை ஐந்து சட்டைகள் கருகியிருக்கின்றன. “அந்த நீலச் சட்டை அத்தியாயம்” என்று அவர் சொன்னால் எது என்று எனக்கே தெரியும்.

அந்த வீட்டில் யாரும் எதையும் நேராகச் சொல்லிவிடுவதில்லை. முதலில் “கதைக்கு இல்ல” என்று ஒரு வேலி போட்டுவிட்டுத்தான் பேச்சு. மகள் பல் மருத்துவர். வாயை முழுக்கத் திறந்தும் பேச முடியாத மனிதர்களோடு வேலை செய்யலாம் என்பதற்காகவே இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததாக அவளே சொல்வாள். ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

“அம்மா, இது கதைக்கு இல்ல. என் கூட வேலை பாக்கற டாக்டர் இருக்காரில்ல…”

“பேர மாத்திட்டா?”

“மாத்தினாலும் இல்ல.”

“டாக்டர வக்கீலாக்கிட்டா?”

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்த டாக்டரைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை இன்றுவரை மாமியாரிடம் வானிலை தவிர வேறு எதையும் பேசுவதில்லை.

நாத்தனார் கதை வேறு மாதிரி. “இத்தன நாவல் எழுதியாச்சு. ஒண்ணுலயாவது என்னைய எட்டிப் பாக்க விட்டியா?” என்று அவருக்கு நெடுநாள் குறை. உண்மையில் ஐந்தாவது நாவலில் வரும் அன்பான நர்ஸ் அவர்தான். நடை, சிரிப்பு, கைக்குட்டையை மடிக்கும் விதம் வரை அவர்தான். நாத்தனார் படித்தார். அதே நாவலில் எல்லோரையும் கரித்துக்கொட்டும் ஓட்டல்காரியைப் பிடித்துக்கொண்டு, “இது நான்தான்னு எனக்குத் தெரியாதா?” என்று உறவு முழுக்கத் தொலைபேசி போட்டார். கோபத்தைவிட அதில் பெருமைதான் அதிகம் கேட்டது. எழுத்தாளர் திருத்தவில்லை. “விடு. அவங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அத எடுத்துக்கட்டும்.”

எனக்கும் அவருக்கும் நடக்கும் சண்டை எல்லாம் ‘மெல்ல’ என்ற ஒரு சொல்லைப் பற்றியது. கடைசி நாவலில் அது இருநூற்றுப் பதினான்கு இடத்தில் வந்தது.

“அக்கா, உங்க ஆளுங்க எல்லாரும் மெல்லவே எழுந்திருக்கறாங்க. ஒருத்தராவது சட்டுனு எழுந்திருக்கக் கூடாதா?”

“அவங்களுக்கு முழங்கால் வலி தம்பி.”

“பதினெட்டு வயசுப் பொண்ணுக்குமா?”

“சரி, அவள மட்டும் எழுப்பி விட்டுடு.”

இப்படி எல்லாவற்றையும் சிரித்தே கடந்துவிடுகிற மனுஷி, ஒரு விஷயம் வந்தால் மட்டும் பேச்சை மாற்றுவார். அது அவருடைய அண்ணன்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறார். இந்த நகரத்தில் பாதிப் பேரை அவர்தான் பின்னோக்கி ஓட்டப் பழக்கியிருப்பார். பல வருடங்களுக்கு முன் அவர்கள் அப்பா மருத்துவமனையில் கடைசி நாட்களில் இருந்தபோது, அண்ணனும் தங்கையும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பிற்பகல் அண்ணனின் முறை. நான்கு மணிக்குத் தங்கை வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து விட்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அப்பா தனியாகவே போயிருந்தார். பத்து நிமிடம் கழித்து அண்ணன் வந்தார். “மருந்து வாங்கப் போயிருந்தேன்” என்றார். கையில் மருந்து இல்லை. சட்டைக் காலர் நனைந்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான்காவது நாவலில், சாகக் கிடக்கும் தந்தையை விட்டுவிட்டு ஒரு மகன் தெருமுனை சலூனுக்குப் போகிறான். நிதானமாக முகச்சவரம் செய்துகொள்கிறான். பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறான். ஈரக் காலரோடு திரும்பி வருகிறான். பதினோரு பக்கம். எழுத்தாளர் எழுதியதிலேயே சிறந்தது என்று எல்லோரும் சொன்ன பதினோரு பக்கம். இரண்டு சட்டைகள் கருகியது அந்த அத்தியாயத்துக்குத்தான்.

அண்ணன் படித்தார். புத்தகத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினார். கடிதம் எதுவும் இல்லை. அந்தப் பக்கத்தின் மூலை மட்டும் மடித்திருந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் பேச்சு இல்லை. விசேஷ வீடுகளில் சந்தித்தால், தங்கை பக்கத்திலேயே நிற்கும்போது அவர் கணவரைப் பார்த்து, “அவ எப்படி இருக்கா? முட்டி வலி தேவலாமா?” என்று கேட்பார். “தேவலாம்னு சொல்லுங்க” என்று தங்கை சொல்வார். கணவர் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்துப் பிடித்துக்கொண்டு வீடு வருவார்.

இந்த வருடம் அந்த நான்காவது நாவலுக்கு மறுபதிப்பு வந்தது. எழுத்தையும் குடும்பத்தையும் அன்றாட வாழ்க்கையையும் பற்றிப் புதிதாக ஒரு முன்னுரை வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். எழுத்தாளர் ஒன்பது முறை எழுதினார். ஒன்பதையும் நான் படித்தேன். எல்லாமே நன்றாகத் தொடங்கும். பாதியில் வழக்காடுமன்றம் ஆகிவிடும். ‘கதாசிரியருக்கு உள்ள சுதந்திரம்’ என்று ஒரு வரி எங்கிருந்தாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறாவது படியின் ஓரத்தில், “அக்கா, உங்கள யார் குற்றம் சொன்னா?” என்று பென்சிலால் எழுதினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேஜை முழுக்க மெய்ப்புத் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அழைப்பு மணி அடித்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் மறுபதிப்பு விஷயத்தைத் தங்கையின் கணவர் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார்.

நான் எழுந்தேன். “நீங்க உக்காருங்க. நீங்களும் படிச்சவர்தானே” என்றார். உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் அவர் அமர்ந்தார். எழுத்தாளர் ஜன்னலுக்கு முதுகு காட்டி எதிரே இருந்தார்.

“மறுபடியும் அச்சடிக்கறாங்களாமே.”

“ஆமாண்ணா.”

“அந்த சலூன் இருக்கா?”

“எடுத்துடறேன். இன்னும் அச்சுக்குப் போகல. தம்பி, எடுத்துடலாம்ல?”

பதினோரு பக்கத்தை எடுத்தால் நாவலில் முதுகெலும்பு இருக்காது என்று எனக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் சலூனுக்குப் போகல” என்றார்.

“தெரியும்ணா. அது நானா…”

“நான் எங்க போனேன்னு உனக்குத் தெரியாது. நீ கேக்கல. பஸ்ல வர்றவ, போறவ, தண்ணி வரலன்னு போன் பண்ணினவன், எல்லார்கிட்டயும் கேட்ட. என்கிட்ட கேக்கல.”

குரலை உயர்த்தவில்லை. வண்டி நின்றுபோன மாணவனிடம் பேசுகிற குரல்தான். எழுத்தாளரின் மூக்கில் இருந்த கண்ணாடி நழுவியது. அதைத் தூக்கிவிடக்கூட அவர் கை எழவில்லை.

“கீழ வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனேன். அப்பா மூச்சு இழுக்கற சத்தத்தக் கேட்டுக்கிட்டு உக்கார முடியல. பயந்துட்டேன். நம்ம பயிற்சி வண்டிதான். சொல்லிக்கொடுக்கறவன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் தெரியுமில்ல, அந்தப் பக்கம் ஏறி உக்காந்து, பிரேக்க மிதிச்சேன். வண்டி ஓடல. சாவி கூடப் போடல. ஆனா கால எடுத்தா என்னமோ உருண்டு போயிடும்போல இருந்துச்சு. ஒரு மணி நேரம் மிதிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் முகத்தக் கழுவிட்டு மேல வந்தேன்.”

மெய்ப்புப் பார்ப்பவன் புத்தி மட்டமானது. அந்த மனிதர் பேசி முடிப்பதற்குள், இது சலூனைவிட நன்றாக இருக்கிறதே, நூற்று நாற்பத்தேழாம் பக்கத்திலிருந்து மாற்றிக் கோத்துவிடலாமே என்று என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. எழுத்தாளரின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அது தோன்றாமல் இருந்திருக்காது. தோன்றியதற்கான வெட்கம்தான் அந்த முகத்தில் தெரிந்தது.

“நான் கேட்டிருக்கணும்ணா” என்றார்.

“ஆமா.”

“காலர் நனைஞ்சிருந்தத நான் பாத்தேன்.”

“அத மட்டும் நல்லா பாப்ப.” அண்ணன் முதல் தடவையாக லேசாகச் சிரித்தார். “சலூன எடுக்க வேண்டாம். அவன் போகட்டும் சலூனுக்கு. நல்லா எழுதியிருக்க, நானே ரெண்டு தடவ படிச்சேன். என்னோடத நீ தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

மறுபதிப்பு போன மாதம் வந்தது. பதினோரு பக்கமும் அப்படியே இருக்கின்றன. முன்னுரை இல்லை, பத்தாவது படி எழுதப்படவே இல்லை. பதிப்பாளர் இன்னும் முகம் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் ஒரு பத்திரிகையில் எழுதலாமா என்று நான் அண்ணனிடமே போய்க் கேட்டேன். ஒருவருக்குக் காரைப் பின்னோக்கி எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, “எழுதுங்க. சலூன்னு மட்டும் எழுதிடாதீங்க” என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பேசி முடித்ததும் அண்ணன் மறுபடியும் சாலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து அண்ணனுக்குப் பின்னால் இருந்த குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் ஒதுங்கினேன். எழுத்தாளர் சற்று நேரம் அண்ணனுக்கு எதிரிலேயே இருந்தார். பிறகு சட்டென்று எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டிப் போட்டு, அவரைப் பார்க்காமல், அவர் பார்த்துக்கொண்டிருந்த சாலையைப் பார்த்து உட்கார்ந்தார்.