கோச் வீட்டுப் புல்தரைப் பலகை

வெர்லின் ஹ்ருஸ்கா, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதும் எங்கள் கால்பந்தின் பயிற்சியாளர். இரண்டு கல்லூரிகள் துரத்திவிட, எங்கள் நெப்ராஸ்கா உயர்நிலைப் பள்ளியில் வந்து ஒட்டிக்கொண்டவர். வெள்ளிக்கிழமை தோற்றால், சனிக்கிழமை காலை அவர் வீட்டுப் புல்தரையில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை முளைத்திருக்கும். மூட்டையைக் கட்டு என்று எங்கள் ஊர் மரியாதையாகச் சொல்லும் விதம் அது. எதிர்வீட்டு டுவேன்தான் காபியோடு வந்து, "எந்தப் பய பார்த்த வேலை கோச் இது?" என்று ஆறுதல் சொல்வார். கோச் அந்தப் பலகைகளால் கோழிக்கூண்டே கட்டிவிட்டார்.

இந்த வருடம் கோப்பையை வென்று ஓய்வு பெற்றவர், மகள் ஊருக்குப் போக நிஜமாகவே பலகை நட்டார். டுவேன் கொதித்துப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"ஜெயிச்ச வருஷத்துல எவன் கோச் இதை நட்டான்?"

"நான்தான் நட்டேன்."

"நீங்க எப்படி நடலாம்? பதினாலு வருஷமா நான்தானே நட்டுக்கிட்டிருக்கேன்!"