பிள்ளை மாற்றிக்கொண்ட வீடுகள்

என் பெற்றோர் ஒருமுறை என்னை மாற்றுக்குக் கொடுத்தார்கள். அளவு சரிவராத சட்டையைக் கடையில் கொடுத்து வேறொன்று வாங்குவதைப் போல என்று சொன்னால் அம்மாவுக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஆனால் நடந்தது அதுதான். நான் கீழ்வீட்டுக்குப் போனேன். எனக்குப் பதிலாகக் கீழ்வீட்டுப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். எனக்கு அப்போது எட்டு வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸில் லா சப்பல் பக்கம் இருந்த தமிழ்க் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடி எங்களுடையது. அப்பா உணவகமொன்றில் கோப்பை கழுவினார். அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா ஆகியோரைத் தவிர முன்னறையில் பாய் விரித்துப் படுக்கும் இளைஞர்களும் இருந்தார்கள். அவர்கள் மாமாவின் நண்பர்கள் என்று அப்பா சொல்வார். அப்பாவின் ஊர்க்காரர்கள் என்று மாமா சொல்வார். யாருடைய பொறுப்பு என்பது கடைசிவரை தீரவில்லை. அவர்கள் பாட்டுக்குச் சோறு தின்று, வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னூற்று நாலு என்ற சீட்டாட்டத்தில் சண்டை பிடித்து வாழ்ந்தார்கள்.

அந்தக் கோடையில் அம்மா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார். அதற்கு முந்திய வருடம் பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவேயில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். இந்த முறை வைத்தியர்கள் எச்சரிக்கையாக இருந்தார்கள். பிறக்கும்வரை ஆஸ்பத்திரியில் படுத்தே இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே சிறுபிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள்.

"ஆம்பிளையள் நிறைஞ்ச வீட்டிலை பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடி அங்கை போய்ப் படுக்கிறது?" என்று அம்மா அழுதார்.

வழி சொன்னவர், நான் அன்ரி என்று கூப்பிடும் கீழ்வீட்டுப் பெண்மணி. அவர்தான் எங்கள் கட்டடத்தின் கொன்சியேர்ஜ். கடிதங்களைப் பிரித்துக் கொடுப்பார், படிகளைக் கழுவுவார், சத்தம் போடுகிறவர்களைத் திட்டுவார். கணவர் கட்டட வேலைக்காகத் தெற்கே எங்கோ இருந்தார். வாசலோடு ஒட்டிய சின்ன வீட்டில் அன்ரியும் பதினைந்து வயது மகனும் இருந்தார்கள். யூகோஸ்லாவியாவில் செர்பியா என்ற பகுதியிலிருந்து வந்தவர். எங்கள் வீட்டாரைப் போலவே அவருடைய பிரெஞ்சும் நொண்டும். அதனாலேயே அம்மாவுக்கு அவரோடு மட்டும் பிரெஞ்சு பேசக் கூச்சமில்லை.

பிள்ளையைத் தன்னிடம் விடச் சொன்னார் அன்ரி. அப்பா நன்றி சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். "சும்மா இல்லை. என் மகன் உங்கள் வீட்டுக்கு வருவான். எங்கள் ஊரில் பிள்ளையைச் சும்மா எடுப்பதில்லை. சும்மா எடுத்தால் அது தத்து. ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்க வேண்டும்."

அந்த வீட்டில் இரண்டு கட்டில்கள்தான் இருந்தன என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அன்ரி அதைச் சடங்காகவே செய்தார். திரும்பும் நாளை முன்கூட்டியே குறிக்கச் சொன்னார். அப்பா, தனக்கு வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். அதுவரை பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குத் தாமாகப் போகக்கூடாது. அந்த நாளில் பெற்றவர்கள் வந்து, கதவைத் தட்டி, பிள்ளையைக் கேட்டு வாங்கவேண்டும். இதுதான் விதி. அப்பா எல்லாவற்றுக்கும் "வீ, மதாம்" என்று தலையாட்டினார். பிரெஞ்சில் யார் எதைச் சொன்னாலும் அவர் அப்படித்தான் சொல்வார்.

கீழே இறங்கிய முதல்நாள் நான் சாப்பிடவில்லை. அன்ரி வற்புறுத்தவுமில்லை. அடுப்புத் தணலில் பெரிய சிவப்பு மிளகாய்களைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டே தன் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்த மிளகாய்கள் கொஞ்சமும் உறைக்காது. அந்த வாசத்தை நம்பி மேலேயிருந்து இறங்கி வந்த மாமா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, ஏமாற்றப்பட்ட முகத்தோடு திரும்பிப் போனார்.

அன்ரியின் ஊர் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமவெளி. ஒருகாலத்தில் சேற்று நிலமாம். அதை வெட்டித் திருத்த ஒரு மகாராணி பல தேசங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினாளாம். ஒரு தெரு முழுக்கச் செர்பியர், ஒரு தெரு முழுக்க ஹங்கேரியர், ஒரு தெரு முழுக்க ஜெர்மன்காரர். ஆளுக்கொரு கோயில், ஆளுக்கொரு மணி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்தத் தெருவில் சாவு என்று தெரிந்துவிடும் என்றார். நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் இரண்டு முறை வரும். ஒன்று டிசம்பரில், இன்னொன்று ஜனவரியில். ஒரு தெருவுக்குப் பெருநாள் என்றால் மற்றத் தெருக்காரர் விறகு பிளக்க மாட்டார்கள், கம்பளம் தட்ட மாட்டார்கள். "சண்டையே இல்லாத ஊர் என்று நினைக்காதே. வாத்துக்காக மண்டை உடைந்திருக்கிறது" என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

எனக்கு அந்த ஊர் பிடித்துப் போயிற்று. இரண்டு நத்தார் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

பிள்ளை மாற்றுவது அந்த ஊரின் வழக்கம். அடுத்த தெருவின் மொழி தெரியாவிட்டால் சந்தையில் ஏமாறவேண்டும், வைத்தியரிடம் வாய்பேச முடியாமல் நிற்கவேண்டும். ஆகவே பள்ளிக்கூட வயதில் பிள்ளைகளை ஒரு கோடைக்கு மாற்றிக்கொள்வார்கள். செர்பியப் பையன் ஜெர்மன் வீட்டில் இருப்பான். அந்த வீட்டுச் சிறுமி அவன் வீட்டில் இருப்பாள். திராட்சை பறித்து முடிந்ததும் பெற்றவர்கள் கதவைத் தட்டி அழைத்துப்போவார்கள். அன்ரிக்கு மூன்று மொழி தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"எல்லாரும் திரும்பிப் போவினமோ?" என்று கேட்டேன். நான் பாதித் தமிழும் பாதிப் பிரெஞ்சுமாய்க் கேட்டாலும் அவருக்கு விளங்கிவிடும்.

"எல்லாரும்." இன்னொரு மிளகாயை எடுத்து உரித்தார். "ஒரு சிறுமியைத் தவிர."

போர்க்காலத்தில் முதலில் துணிக்கடை வைத்திருந்த யூதக் குடும்பம் கொண்டுபோகப்பட்டது. ஒரு காலையில் கடை பூட்டிக் கிடந்தது. மூன்று தெருக்காரரும் அதைப் பார்த்துக்கொண்டு நடந்துபோனார்கள். அதைச் சொல்லும்போது அன்ரி என்னைப் பார்க்கவில்லை. போரின் முடிவில் வேறு படை வந்தது. ஜெர்மன் தெருக்காரர் எல்லாரும் மூட்டையோடு வெளியே வரவேண்டும் என்று கட்டளை. ஒரு ஜெர்மன் வீட்டில் மாற்றுக்கு வந்த செர்பியப் பையன் இருந்தான். குறித்த நாளில் அவன் தன் பையைத் தூக்கிக்கொண்டு தனியே தன் வீட்டுக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. அங்கே அவனுக்குப் பதிலாக இருந்த ஜெர்மன் சிறுமியைக் கேட்டு யாரும் கதவைத் தட்டவில்லை. அடுத்த நாள் அந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் திறந்து கிடந்தன, ஆட்கள் இல்லை. பிறகு மலைநாட்டிலிருந்து ரயிலில் புதிய ஆட்கள் வந்து அவற்றில் குடியேறினார்கள்.

"அந்தப் பிள்ளை பிறகு என்ன செய்தது?"

"சாப்பிட்டது. பள்ளிக்கூடம் போனது" என்றார் அன்ரி. மிளகாயைப் போத்தலில் அடைக்க எழுந்துவிட்டார்.

எனக்கு அதில் ஒன்று மட்டும்தான் மனதில் நின்றது. திருப்பி வாங்கப்படாமல் போகவும் கூடும்.

மேலே போன அன்ரியின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், ராஜவாழ்க்கை வாழ்ந்தார். கையால் புட்டுக் குழைக்கப் பழகினார். முன்னூற்று நாலில் கெட்டிக்காரராகி, "துரும்பு!" என்று அவர் கத்துவது படிக்கட்டு வழியாக எனக்குக் கேட்கும். தங்கள் சீட்டுக்கூட்டத்துக்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் இளைஞர்கள் என்னை மறந்தே போனார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோடை விடுமுறை முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா புதிதாய்ப் பிறந்த தம்பியோடு வீட்டுக்கு வந்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். மாலையில் படிக்கட்டில் நின்று அவனுடைய அழுகையைக் கேட்டேன். ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. அன்ரி என் தோளில் கை வைத்து, "ஞாயிற்றுக்கிழமை. வந்து கேட்பார்கள்" என்றார். அம்மாவுக்கும் அப்பா அதையேதான் சொல்லியிருக்கிறார்; கொடுத்த வாக்கு, இரண்டு நாள்தானே என்று.

சனிக்கிழமை அப்பா, பிலிப்-து-ஜிரார் தெருக் கடையில் வாங்கிவந்த தமிழ்க் கலண்டரைப் பார்த்தார். ஊரில் இருந்தபோது நாள் பார்க்கிறவர்களைக் கேலி செய்தவராம். முந்திய வருடத்துக்குப் பிறகு மாறிவிட்டார். அம்மாவை அந்தமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாள் அட்டமி என்று பின்னால் யாரோ சொல்லியிருந்தார்கள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். இப்போது பார்த்தால் ஞாயிறு அட்டமி, திங்கள் நவமி, அதற்கடுத்தது செவ்வாய்க்கிழமை. பிள்ளையை வீட்டுக்கு எடுக்க ஒன்றும் உதவாது. புதன்கிழமை பார்க்கலாம், நாலு மாடிக்குக் கீழேதானே இருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார். யாருக்கும் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் அண்ணாவை வைத்திருக்கக் காரணமில்லை. அவர் வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவர். அட்டமியும் நவமியும் வேதக்காரரை ஒன்றும் செய்யாது என்பது அப்பாவின் கணக்கு. ஞாயிறு மத்தியானம், ஒரு பை நிறைய வடையைக் கட்டிக்கொடுத்து, முதுகில் தட்டி, அவரை அனுப்பிவைத்தார்.

நான் காலையிலேயே தலைசீவி, என் பையை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். அன்ரி மேசைக்குப் புதுத் துணி விரித்து, கோப்பி போட ஆயத்தமாக இருந்தார். கதவு தட்டப்பட்டது. அன்ரி சிரித்த முகத்தோடு திறந்தார்.

அண்ணா பையும் கையுமாக நின்றார்.

"உன் பின்னால் யார் வருகிறார்கள்?" என்று அன்ரி கேட்டார்.

"யாரும் இல்லை."

அன்ரி வெளியே எட்டிப் படிக்கட்டைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. என்னிடம் வந்து என் பையை வாங்கி, என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் அலுமாரியில் அடுக்கத் தொடங்கினார். "அழாதே. இங்கே உனக்குக் கட்டில் இருக்கிறது. சாப்பாடு இருக்கிறது. யாரும் உன்னைத் துரத்தமாட்டார்கள்" என்று பிரெஞ்சில் சொன்னார். பிறகு நான் அறியாத ஒரு மொழியில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதுவரை அழாமலிருந்த நான் அப்போதுதான் அழத் தொடங்கினேன். ஆண்பிள்ளை பிறந்துவிட்டது, இனி நான் தேவையில்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அண்ணா பயந்துபோய் மேலே ஓடினார். அவர் என்ன சொன்னாரோ, கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

"அட்டமியும் நவமியும் உங்கடை கலண்டரிலை கிடக்கட்டும்! பிள்ளை வாசலைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கும்!"

"பிள்ளை பெத்து முப்பத்தொண்டு கழியேல்லை, துடக்கோடை இறங்காதை. சொன்னாக் கேள்" என்றார் அப்பா.

அம்மா கேட்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்போடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாடிமாடியாக நின்று இறங்கி வந்தார். கதவு தட்டப்பட்டது. அன்ரி என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். மறுபடி தட்டப்பட்டது. பிறகு அம்மா தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கைவிட்டுத் தமிழில் கேட்டார்.

"என்ரை பிள்ளையைத் தாங்கோ."

அன்ரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எழுந்துபோய்த் திறந்தார். வெளிறிப்போய் நின்ற அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். "இன்னொரு முறை கேள்" என்றார். அம்மா இன்னொரு முறை கேட்டார். அன்ரி என் கையை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். அதன்பின் வாசற்படியிலேயே உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். அம்மாவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். துடக்காவது, தீட்டாவது, ஒன்றாவது.

அந்தச் சிறுமி அன்ரிதான். எனக்குப் பிள்ளை பிறந்தபிறகு ஒருநாள் அம்மா அதைச் சொன்னார். செர்பிய வீட்டார் அவரைத் தங்கள் பிள்ளையாகவே வளர்த்து, தங்கள் பெயரைக் கொடுத்து, தங்கள் கோயிலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். தாய் முகாமில் இறந்துபோனார் என்று பிறகு கேள்விப்பட்டாராம். அன்ரிக்கு விளங்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். ஒரே ஊர், இரண்டு தெரு தள்ளி. பையனை அனுப்பிவைக்க நேரமிருந்த தாய்க்கு, வந்து தன்னைக் கேட்க நேரமில்லாமல் போனது ஏன்? தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டாரா?

அந்த ஞாயிறுக்கு அடுத்த நாள், நவமியன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை அன்ரி வாசலில் நிறுத்திவைத்து, அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டார். அப்பாவுக்குச் சொல்லத் தெரியாது என்பதால் எனக்குத் தெரிந்த அளவில் நான் பிரெஞ்சில் விளக்கினேன். முந்திய இரவு அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு சொன்னதைத்தான் சொன்னேன்.

"அது கெட்ட நாள். கெட்ட நாளில் பிள்ளையை எடுக்கக்கூடாது. எடுத்தால் பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடும். அப்பாவுக்கு வர ஆசைதான். எனக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்றுதான் வரவில்லை."

அன்ரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். குனிந்து என் நெற்றியில் நெடுநேரம் முத்தமிட்டார். இவ்வளவு கடினமான அட்டமியைப் பிரெஞ்சில் நன்றாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டு, நான் படிகளில் தாவி ஏறி வீட்டுக்குப் போனேன்.