ஐயாவின் அடிக்கல்லும் அக்காவின் பாதையும்

அக்காவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைப் புரட்டுகிற நீங்கள், முதலில் பெரியவர்களின் அனுதாபச் செய்தியைத்தான் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டையும் கூப்பிய கைகளுமாக ஒரு வண்ணப் படம், கீழே வேறு யாரோ எழுதிக் கொடுத்த நாலு வரி, அதற்கும் கீழே பதவியின் பெயர். அப்படி எதுவும் இதில் இல்லை. இடம் போதாமல் விட்டுப்போனதாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் பகுதி அரசியல்வாதி ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரை ஐயா என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அவருடைய செயலாளர் போன மாதம் எனக்கு போன் எடுத்து, ஐயாவின் செய்திக்கு முழுப் பக்கம் ஒதுக்கச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, இறந்துபோன அந்த அம்மாவின் பெயர் என்ன என்றும் கேட்டார். அந்தப் பக்கத்தை நானே நிரப்பிக்கொள்கிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அக்கா அக்கரப்பத்தனைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்தார். வீட்டில் மூத்தவர் அவர், கடைசி நான். அப்பா இறந்ததும் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனார். இன்றைக்கு நான் ஹட்டனில் ஆசிரியை என்று சொல்லிக்கொண்டு திரிவதெல்லாம் அக்கா சுமந்த கூடையின் தயவு. அத்தான் நோர்வூட்டுக்காரர். கலியாணத்துக்குப் பிறகு அக்கா அங்கே போகவில்லை, அத்தான்தான் இங்கே வந்து எங்கள் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தார். இதைப் பற்றிப் பேசாத வாய் லயத்தில் இல்லை. பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று கேலி செய்தால் அத்தான், "ஆமாங்க, பயம்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அவர்களுக்கு ஒரே மகன், கொழும்பில் வேலை செய்கிறான்.

மேற்பிரிவிலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கும் பாதையை உங்களில் பலர் நடந்து பார்த்திருப்பீர்கள். அதைத் திருத்தித் தரச்சொல்லித் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனால், அது பிரதேச சபையின் வேலை என்பார். சபைக்குப் போனால், அது தோட்டத்துக் காணி, நாங்கள் கைவைக்க முடியாது என்பார்கள். யாருக்கும் சொந்தமில்லாத அந்தப் பாதையில் நடக்கிற உரிமை மட்டும் எங்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது. மழை தொடங்கினால் மதகுக்குப் பக்கத்தில் பெரிய பள்ளம் விழும். வண்டி அதற்கு மேல் ஏறாது. நோயில் விழுந்த வருத்தக்காரரைக் கம்பளியில் கிடத்தி, கம்பளியைக் கம்பில் கட்டி, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்தால் பள்ளத்தை நாமே அடைக்கலாம் என்று முதலில் சொன்னவர் அக்கா. பௌர்ணமி வருகிற போயா நாளில்தான் எல்லாருக்கும் லீவு. அன்றைக்குக் காலையில் மதகடியில் சேர வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. அவரைக் கேட்காமல் மேற்பிரிவில் மழைகூடப் பெய்யக் கூடாது.

"என்னா தங்கச்சி, பொம்பளைங்களெல்லாம் சேந்து ரோடு போடப் போறீங்களாம்?"

"ஆமா தலைவரண்ணே. நீங்க வந்து தேத்தண்ணி ஊத்திக் குடுங்க."

தலைவர் வரவில்லை, ஆனால் அவர் வீட்டம்மா வந்தார். அதற்குப் பிறகு போயாவுக்குப் போயா கல்லும் மண்ணும் விழுந்தன. பாதை அழகாகிவிடவில்லை, ஆட்டோ மட்டும் லயம் வரை ஏறி வந்தது. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

நாலு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்தால் அதைக் கற்றுக்கொடுக்கவென்று எங்கிருந்தோ ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒரு நிறுவனம் அக்காவை நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்தது. 'சமூக அபிவிருத்தியில் மக்கள் பங்கேற்பு' என்று பெரிய பதாகை. அதற்கு முன்னால் நின்று பேசியவர்கள் யாரும் எங்கள் பாதையில் கால் வைத்தவர்கள் அல்லர், சப்பாத்து அழுக்காகிவிடும். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நம்ம ரோட்ட கலர் பேனையால வரையச் சொன்னாங்க தங்கச்சி. வரஞ்சேன். கை தட்டுனாங்க. சோறு நல்லா இருந்துச்சு."

அந்த நிறுவனத்தார் ஒரு போயா நாளில் வந்து, மண்வெட்டியோடு நின்ற பெண்களைப் படம் எடுத்தார்கள். தங்கள் செயற்றிட்டத்தின் வெற்றி என்று எங்கேயோ போட்டுக்கொண்டார்களாம். ஒரு கூடை மண் தூக்கியிருந்தால் அதைக்கூட மன்னித்திருப்பேன்.

பிறகு தேர்தல் வந்தது, அதோடு ஐயாவும் வந்தார். மேளம், தேங்காய், மாலை, பொன்னாடை. தலைவர் குடை பிடித்தார். மதகுக்கு மேலே ஒரு சின்னச் சுவர் கட்டி, ஐயாவின் பெயரைத் தங்க எழுத்தில் வெட்டிய கறுப்புக் கல்லைப் பதித்தார்கள். கொங்கிறீட் பாதைக்கு அடிக்கல். பெண்கள் போட்டு வைத்த மண்ணில் நின்றுகொண்டு, இந்த மக்களுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை என்று ஐயா கண்கலங்கிப் பேசினார். எங்கள் ஆட்களும் கைதட்டினார்கள். ஐயாவையாவது விட்டுவிடலாம், அவருடைய தொழில் அது. எங்கள் ஆட்கள் அடுத்துச் செய்ததைத்தான் என்னால் இன்றைக்கும் சகிக்க முடியவில்லை.

அடுத்த போயாவுக்கு மதகடியில் அக்காவும் அத்தானும் மட்டும்தான் நின்றார்கள். தலைவர் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கல்லு நட்டாச்சு. இனிமே நாம மண்ணு போட்டா, ரோடு நல்லாத்தானே இருக்குன்னு ஐயா போயிருவாரு. பள்ளம் இருந்தாத்தான் வேலை நடக்கும்."

இது பெரிய ராஜதந்திரமாக எல்லாருக்கும் பட்டது. பள்ளத்தைக் காவல் காத்தார்கள். இஞ்சினியர் பார்க்க வருகிறார் என்று ஒரு நாள் பேச்சு அடிபட்டதும், தாங்களே சுமந்து வந்து போட்ட கற்களைத் தாங்களே தோண்டி வெளியே எறிந்தார்கள். பார்க்கிறவருக்குப் பரிதாபம் வர வேண்டுமாம். இஞ்சினியர் வரவில்லை, மழைதான் வந்தது. "ஒங்க புள்ளைங்க இந்தப் பள்ளத்துலதான நடக்குதுங்க" என்று அக்கா ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டார். கொஞ்சம் பொறுத்துக்கச் சொன்னார்கள்.

அந்த மழையில் அத்தானுக்கு நெஞ்சுவலி வந்தது. கூப்பிட்ட ஆட்டோ பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மறுபடியும் கம்பளி, மறுபடியும் கம்பு. வழுக்கி வழுக்கி இறங்கி, அடிக்கல்லுக்குப் பக்கத்தில் தோள் மாற்றுவதற்காக இறக்கி வைத்தபோது அத்தானின் உயிர் போய்விட்டது. பள்ளத்தைத் தோண்டியவர்கள்தான் கம்பளியையும் தூக்கினார்கள். அவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா யாரையும் திட்டவில்லை. நானாக இருந்தால் ஒருவரையும் வாசலில் ஏற்றியிருக்க மாட்டேன். பதினாறாம் நாள் கருமாதிக்கு யார் யாருக்குச் சொல்வது என்று பேச வந்த தலைவரிடம், அக்கா ஒன்று மட்டும் சொன்னார்.

"எல்லாருக்கும் சொல்லுங்க தலைவரண்ணே. சாப்பிட வாறவங்க ஆளுக்கொரு கல்லு கொண்டாந்து பள்ளத்துல போட்டுட்டு வரட்டும். போடாதவங்களுக்கு நான் எல போட மாட்டேன்."

செத்த வீட்டில் கல் தூக்கச் சொல்கிறாளே என்று லயமே முணுமுணுத்தது. ஆனால் கருமாதிக்குப் போகாமல் இருந்தால் நாளைக்குத் தன் வீட்டுக்கு யார் வருவார்கள் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. வந்தார்கள். துக்கம் இழுத்து வந்ததா, கறிச்சோறு இழுத்து வந்ததா என்று நான் ஆராயவில்லை. ஆளுக்கொரு கல் வந்தது. தலைவர் மட்டும் கோழிமுட்டை அளவில் ஒன்றைக் கொண்டுவந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஒங்க பதவிக்கு இது பத்தாது தலைவரண்ணே" என்றார். தலைவர் திரும்பிப் போய் இன்னொன்று தூக்கி வந்தார். இலை போடுவதற்கு முன்பே பள்ளம் மூடிவிட்டது.

அன்றிலிருந்து மேற்பிரிவில் எந்த வீட்டுக் கருமாதி என்றாலும் கல்லோடு போவது வழக்கமாகிவிட்டது. போயா வேலையும் மறுபடி தொடங்கியது. கொங்கிறீட் இன்னும் வரவில்லை. ஐயா இரண்டு கட்சி மாறிவிட்டார். அக்காவை 'சமூக சேவகி' என்று அழைத்துப் பொன்னாடை போர்த்த ஹட்டனில் ஒரு கூட்டத்தார் கேட்டார்கள். "குளிருக்குக் கம்பளி இருக்குன்னு சொல்லிரு" என்றார் அக்கா.

கடைசிக் காலத்தில் சிறுநீரகம் பழுதாகி அக்கா மிகவும் மெலிந்துபோனார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அம்புலன்ஸ் லயத்து வாசல் வரை ஏறி வந்தது. அதில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு வண்டி இது வரைக்கும் வந்திருந்தா அத்தான் இருந்திருப்பாரு" என்றார். அதுவரை அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலைந்து நாளில் அக்காவின் உடலும் அதே பாதையில், வண்டியிலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அக்காவின் கருமாதிக்கும் எல்லாரும் கல்லோடு வந்தார்கள். ஐயாவின் ஆட்கள் மலர்வளையத்தோடு வந்தார்கள். கல் எங்கே என்று லயத்துப் பெண்கள் கேட்டதும், அவசர வேலை இருப்பதாகச் சொல்லித் திரும்பிவிட்டார்கள். தலைவரைக் காணவில்லை. வயதாகிவிட்டது, முடியவில்லைபோல என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு மதகுப் பக்கம் சத்தம் கேட்டது. தலைவரும் அவர் மகன்மாரும் அடிக்கல்லைச் சுவரிலிருந்து பெயர்க்க அசைத்துக்கொண்டிருந்தார்கள். ஐயா போட்ட சீமெந்து அவ்வளவு தரம், கல் கையோடு வந்துவிட்டது. மழையில் புதிதாக அரித்திருந்த இடத்தில் அதைக் கிடத்தி மண் தள்ளிவிட்டு, தலைவர் மூச்சிரைக்க மேலே வந்து அக்காவின் படத்துக்கு முன்னால் நின்றார்.

"தங்கச்சி கேட்ட அளவுல இப்பதாம்மா ஒன்னு கெடச்சுச்சு" என்றார். அவருக்கு நானே இலை போட்டேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவை மாறி மாறிப் பார்த்துக்கொண்ட லயத்துப் பெண்களுக்கும், அம்புலன்ஸ் ஓட்டி வந்த சிங்களச் சகோதரருக்கும், குழி வெட்டியவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், இன்றைக்குத் திதிக்கும் கல்லோடு வந்திருப்பவர்களுக்கும், கொழும்பிலிருக்கும் மகன் சார்பிலும் என் சார்பிலும் நன்றி. மலர்வளையத்தோடு வந்து போனவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஐயாவின் பெயர் இந்த மலரில் இல்லையே என்று செயலாளர் வருத்தப்பட வேண்டாம். பெயர் எங்கள் பாதையில் இருக்கிறது, எழுத்து கீழ்ப்பக்கமாக. அதன்மேல் வண்டி ஏறி லயம் வரை வருகிறது. ஐயா எங்களுக்குச் செய்த ஒரே உதவி அதுதான். அதற்கும் நன்றி.