கட்டுகிற வரை இலவசம்

லாங் பஜார் செல்போன் கடையில் அந்த போனை வாங்கிய அன்று கையிலிருந்து ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. "போன் ஃப்ரீக்கா. ரெண்டு வருஷம் மாசாமாசம் எங்க பிளானைக் கட்டிக்கினே இருந்தா போதும்" என்றார் கடைக்காரர். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் எனக்கு அது அதிர்ஷ்டமாகப் பட்டது. வெளியில் அதே பிளான் பாதி விலைதான் என்பதை விசாரிக்கவில்லை.

அம்மாவுக்குப் பெங்களூரில் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு கண்ணில் கட்டு. மறு கண்ணில் பார்வை ஏற்கெனவே கம்மி. அவள் ஊர் திரும்பும் ரயில் ஆம்பூரில் நிற்காது. அங்கிருக்கும் அண்ணன் அவளை ஏற்றிவிட்டு எந்தப் பெட்டி என்று போனில் சொல்வான், நான் ஜோலார்பேட்டையில் இறக்கிக்கொள்வேன் என்று ஏற்பாடு.

பிளாட்பாரத்தில் போனை எடுத்தேன். திரை முழுக்க ஒரே அறிவிப்பு: பணம் கட்டாததால் போன் பூட்டப்பட்டுள்ளது; அழைப்புகள் வராது, போகாது. கம்பெனியில் ஓவர்டைம் ஓடிய வாரம், மறந்தே போயிருந்தேன். பக்கத்தில் நின்றவர் தன் போனை நீட்டினார். அண்ணனின் நம்பர் எனக்கு மனப்பாடமில்லை.

ரயில் வந்தது. "அம்மா, அம்மா" என்று ஜன்னல் ஜன்னலாகக் கத்திக்கொண்டு ஓடினேன். வண்டி நகர்ந்த பிறகுதான் ஒரு ஜன்னலில் வெள்ளைக் கட்டு தெரிந்தது. முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது. கம்பியைப் பிடிக்கப் பாய்ந்தேன். பெண் போலீஸ் ஒருவர் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாம்மா, சாவணுமா?"

மூச்சு வாங்கியபடி நடந்ததைச் சொன்னேன். உடனே வண்டி அடுத்து நிற்கும் காட்பாடிக்குப் பேசினார். "அங்க இறக்கி உக்கார வெப்பாங்க. அழுவாத, அடுத்த வண்டில போ."

இறக்கினார்களா இல்லையா என்று தெரியாமலே அடுத்த வண்டியைப் பிடித்தேன். காட்பாடி போலீஸ் அறையில் அம்மா பையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். என் குரலைக் கேட்டதும் கையால் துழாவினாள்.

"வண்டி கெளம்புற வரைக்கும் உங்கண்ணன் போன் அடிச்சிக்கினே இருந்தான். நீ எடுக்கல. உனக்குத்தான் இன்னாமோ ஆயிடுச்சுன்னு..."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் லீவு போட்டுக் கடைக்குப் போனேன். "இந்த போனை நீங்களே வெச்சிக்குங்க."

"முடியாதுக்கா. நடுவுல வுட்டா போன் வெலைய முழுசா கட்டணும். கையெழுத்து போட்டிருக்கீங்க."

"ஃப்ரீன்னுதானே சொன்னீங்க?"

"கட்ற வரைக்கும் ஃப்ரீ."

சத்தம் போட்டேன். கூட்டம் கூடியது, அவர் மசியவில்லை. கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கி முழுவிலையையும் கட்டினேன். அம்மா அதன்பின் தனியாக ரயில் ஏற மறுத்துவிட்டாள்.