சுண்டெலிகளுக்கு மட்டும் கேட்ட சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மருந்தியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வீடு கடலூர் முதுநகரில். காலையில் ஒரு ரயில், சாயங்காலம் ஒரு ரயில்.

என் ஆராய்ச்சி வெள்ளைச் சுண்டெலிகளை வைத்து. ஒரு மூலிகைச் சாறு அவற்றின் பதற்றத்தைத் தணிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு, சோதனைக்கு முன்பு அவை நிம்மதியாக இருந்தாக வேண்டும். கூண்டுகளில் உமி பரப்பி, கூடு கட்டிக்கொள்ள டிஷ்யூ பேப்பரும், நுழைந்துகொள்ள அட்டைக் குழாயும் வைப்பேன். சுண்டெலி கூடு கட்டும் அழகே தனி. பேப்பரைப் பல்லால் பஞ்சுபோலக் கிழித்து, கிண்ணம் மாதிரி வளைத்து, உள்ளே சுருண்டு தூங்கும். அப்படித் தூங்கினால் எனக்கும் நிம்மதி.

அந்த ஐப்பசியில் அது திடீரென்று நின்றுபோயிற்று. பேப்பர் போட்டது போட்டபடியே கிடந்தது. பகலில் தூங்க வேண்டிய எலிகள் மூடிக் கம்பியைப் பிடித்துத் தொங்குவதும், குட்டிக்கரணம் அடித்து விழுவதும், மறுபடி ஏறுவதுமாக இருந்தன. ஆண் எலிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. ஒரு தாய் தன் குட்டிகளையே தின்றுவிட்டது. அடுத்த ஈற்றிலும் அதேதான். அன்று கூண்டைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். 

தீனியை மாற்றினேன். தண்ணீர்ப் புட்டிகளைக் கொதிநீரில் கழுவினேன். புது உமி வரவழைத்தேன். நோயா என்று கால்நடை மருத்துவரை அழைத்துக் காட்டினேன். நோய் எதுவும் இல்லை என்றார். உள்சுவரை ஒட்டி வைத்திருந்த ரேக்கில்தான் நிலைமை படுமோசம். அதில் இருந்தவை ஒரே வம்சத்தில் பிறந்தவை; அந்தக் குடும்பத்து எலிகளே சுபாவத்தில் முரடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டிலும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போவேன். பொங்கிய பிறகு ஓடி வருவேன். "அதுங்கள விட நீதான் கூண்டுல சுத்துற மாரி கீற" என்று என் கணவர் சிரித்தபோது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்த்தார். நல்ல மனிதர். ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தார்.

"இப்பிடித் துடிக்க வச்சிக்கினு இருக்கறது தப்பும்மா. திங்கக்கிழமை இந்த பேட்ச்ச முடிச்சிடலாம். வேற வாங்கிக்கலாம்."

முடிப்பது என்றால் கொன்றுவிடுவது. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் என்ன ஆயிற்றென்றே தெரியாமல் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. புதிதாக வருபவையும் இதே அறைக்குத்தானே வரும்? சரி என்று தலையாட்டினேனே தவிர, அன்று ரயிலில் வீடு வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. பராமரிப்புக்காக ஊரெல்லாம் மின்தடை. கல்லூரி ஜெனரேட்டரும் மக்கர் செய்துவிட்டது என்று காவலாளி போனில் சொன்னார். ஏ.சி. இல்லாமல் அந்த மூடிய அறையில் எலிகள் வெந்துபோகுமே என்று கிடைத்த பஸ்ஸில் ஏறி, மழையில் நனைந்துகொண்டு ஓடினேன்.

செல்போன் வெளிச்சத்தில் கதவைத் திறந்தவள் அசையாமல் நின்றுவிட்டேன். அறையில் துளி அசைவில்லை. எல்லாம் செத்துவிட்டன என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால், கூண்டுக்குக் கூண்டு டிஷ்யூ பேப்பர் கிழிபட்டு, வெள்ளை வெள்ளையாகக் கூடுகள். ஒவ்வொன்றிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்து, வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தன. முரடு என்று நான் முத்திரை குத்திய ரேக்கிலும்கூட.

நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மதியம் கரண்ட் வந்தது. அந்த நொடியே கூடுகள் குலுங்கின. எலிகள் காதுகளை விறைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தன.

விளக்கை அணைத்தேன். ஏ.சி.யை அணைத்தேன். காற்றாடியையும் நிறுத்தினேன். அவை அடங்கவில்லை. எங்கள் அறையில் இனி அணைக்க எதுவும் இல்லை. அப்போதுதான் செல்போன் வெளிச்சத்தில் உள்சுவரின் உச்சியில், கம்பிவலை போட்ட காற்றுத் துவாரம் கண்ணில் பட்டது. அந்தப் பக்கம் ஸ்டோர் ரூம்.

ஸ்டோரைக் கவனித்துக்கொள்பவர் நெல்லிக்குப்பத்துக்காரர். சனிக்கிழமையும் வேலைக்கு வந்திருந்தார்.

"அண்ணே, இங்க புதுசா ஏதாவது மாட்டியிருக்கீங்களா?"

"மழ பிடிச்சதும் எலி விரட்டற மிசின் ஒண்ணு மாட்டிகீறேன் மேடம். ஏன்?"

துவாரத்துக்குக் கொஞ்சம் கீழே, பிளக்கில் செருகிய சோப்புப் பெட்டி அளவுப் பொருள். சின்னதாக ஒரு பச்சை விளக்கு. அதனருகே காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை. மனிதக் காதுக்கு எட்டாத சத்தம் அது. சுண்டெலிகளுக்கோ, ஓய்வே இல்லாமல் பகலும் இரவும் அலறிக்கொண்டிருந்திருக்கிறது.

"தீனி மூட்டைய எலி ஓட்டை போட்டுடுது மேடம், தொல்ல ஜாஸ்தி. பசை அட்ட வச்சேன். அதுல ஒட்டிக்கினு கத்துது பாருங்க, காலைல வந்து பாக்க முடியல. பாவமா இருந்துச்சு. அதான் என் மச்சான் இத வாங்கிக் குடுத்தான். எதுவும் சாவாது, ஓடிப்பூடும்னான்."

அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தேன். கருவியைப் பிடுங்கியிருந்ததால் எலிகள் கொஞ்சம் அடங்கி, உமியை முகர்ந்துகொண்டிருந்தன. அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்டோருக்குப் போய் ஒரே ஒரு முறை பிளக்கைச் செருகினேன்.

"எடுங்க மேடம்! எடுத்துடுங்க!" என்று சுவருக்கு அப்பாலிருந்து அவர் கத்தினார்.

நான் திரும்பி வந்தபோது கைகளைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். "எனக்கு ஒண்ணுமே கேக்கலயே மேடம்... அதுங்க தவ்வுதுங்களே" என்றார். "எனக்கும் கேக்கலண்ணே" என்றேன்.

பேராசிரியருக்கு உடனே போன் செய்தேன். அவர் இரண்டு முறை, "நெசமாவா?" என்று கேட்டார். திங்கட்கிழமை யாரையும் கொல்லவில்லை. அதுவரை எடுத்த அளவுகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, எலிகள் தேறும்வரை காத்திருந்து புதிதாகத் தொடங்கினோம். பட்டம் கொஞ்சம் தள்ளிப்போயிற்று. ஸ்டோர் அண்ணன் மூட்டைகளை மூடிபோட்ட தகர டிரம்களுக்கு மாற்றிவிட்டார். குட்டிகளைத் தின்ற அந்தத் தாய், அடுத்த ஈற்றுக் குட்டிகளைக் கூட்டுக்குள் அணைத்து வளர்த்ததைப் பார்க்க அவரே ஒருநாள் வந்தார். கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சுகூட விடாமல் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சோதனை முடிந்தால் எப்படியும் சாகப்போகிற உயிர்கள்தானே, அதற்கு ஏன் இத்தனை பாடு என்று சிலர் கேட்கிறார்கள். சாகும் நாள்வரை அவை வாழ்ந்தாக வேண்டுமே! அந்த நாட்கள் என் கையில்தானே இருந்தன?

இப்போது நான் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் ஒரு பெண் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், இவள் சுபாவமே இப்படித்தான் என்று முடிவுகட்ட என்னால் முடிவதில்லை. என் காதுக்கு எட்டாதது ஏதோ அவளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறதோ என்று பக்கத்தில் போய் உட்காருகிறேன்.