மைக் வாடகை

வேட்பாளர் தம் தேர்தல் செலவு முழுவதையும் கணக்கில் காட்ட வேண்டும். உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. 1957இல், திருச்சி தேர்தல் அலுவலகத்தில், இந்த விதியை ஒப்பிப்பதே என் வேலை.

ஸ்ரீரங்கத்துச் சுயேச்சை ஒருவர் வந்தார். நெட்டை உருவம், கன்னத்தில் எப்போதும் அதிமதுரத் துண்டு. நோட்டீஸ் அச்சடித்தே வரம்பைத் தொட்டிருந்தார்.

"தொண்டை இருக்கிறவர் கத்தினா அது பேச்சு. நான் மைக்ல பேசினா செலவாங்க?" என்றார், பழுதான தொண்டையிலிருந்து காற்றாய் வந்த குரலில்.

"வாடகை செலவுதாங்க."

"அப்போ பேச்சுரிமை தொண்டைக்குத்தான்னு எழுதிக் கொடுங்க சார்."

குழம்பினேன். இவருக்கு விலக்குக் கொடுத்து, பணக்காரரும் இதையே கேட்டால்? விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வரும்வரை மைக் எடுக்காமல் அவர் சித்திரை வீதியில் நின்று வாயசைத்தார். யாருக்கும் கேட்கவில்லை, டெபாசிட் போயிற்று.

யார் சொன்னது சரி என்று இன்றும் எனக்குத் தெரியாது. 'விதியைப் பார்க்கவும்' என்று மேலிடத்துப் பதில் வந்தது, 1962 தேர்தலுக்கு வேட்புமனு வாங்கத் தொடங்கிய அன்று.