சுகர் பார்க்க வந்த சம்பந்தி

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. மகள். என் தம்பி. மனைவியின் அண்ணன். வெளியூரிலிருந்து ஜீப்பில் வந்த மூளை ஆராய்ச்சி டாக்டரம்மா. மாப்பிள்ளைப் பையனின் அம்மா கடைசியில் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

நான் சிதறால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். படிப்பு ஆறாம் வகுப்பு. தம்பிக்கு மனம் ஏறும், இறங்கும். ஏறினால் உறங்க மாட்டான். ஒரு முறை நாலு தையல் மெஷின் வாங்கினான். தைக்கத் தெரியாது. இறங்கினால் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அப்போது ஒரு மாத்திரையில் நின்றுகொண்டிருந்தான். அது ஒரு வகை உப்பாம். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. அது ஏன் என்று ரத்தத்தின் செல்லைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அதற்குக் குடும்பத்தோடு ரத்தம் வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"உப்புன்னா மண்டைக்காட்டுக் கடல்ல ரெண்டு முங்கு முங்குனா போராதா?" என்றார் மனைவியின் அண்ணன்.

"இது வேற உப்பு."

"எந்த உப்பா இருந்தாலும் எங்க பக்கம் ஒருத்தருக்கும் கெடையாது, கேட்டியளா. எல்லாம் இவிய பக்கம்."

"அப்பம் எனக்க மவ எந்தப் பக்கம், அண்ணா?" என்று மனைவி கேட்டாள். அவர் மேலே கூரையைப் பார்த்தார்.

மகளுக்கு மார்த்தாண்டத்தில் பலசரக்குக் கடைக்காரப் பையனைப் பேசி முக்கால் பங்கு முடிந்திருந்தது. தம்பி விஷயம் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் மீதிக் கால் பங்கு நடக்காது. அதனால் ஜீப் வந்து நின்றதும் மச்சினன் டீக்கடைக்குப் போய், சுகர் பார்க்கும் கேம்ப் என்று சொல்லிவிட்டு வந்தார். நல்ல யோசனை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் முற்றம் நிறைந்தது. எல்லாரும் வெறும் வயிறு. டாக்டரம்மா வெளியே போய், இந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் என்றார்.

"அவனுக்க வீட்டுச் சுகரு மட்டும் என்ன ஒசந்த சுகரா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். மற்றவர்களும் போனார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு டீக்கடைக்காரர் போன் போட்டிருக்கிறார். அவருக்குச் சொந்தக்காரராம். அந்த அம்மாள் பஸ் பிடித்து வந்து, நேரே உள்ளே நுழைந்து, டாக்டரம்மாவின் முன்னால் கையை நீட்டினார்.

"சம்பந்தி ஆகப்போற வீடுல்லா. எனக்கும் குத்திப் பாத்து விடுங்க. காலத்த ஒரு வாய் காப்பி குடிக்கல."

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். "இது சுகர் டெஸ்ட் இல்லம்மா. என்னன்னு வீட்டுக்காரர்தான் சொல்லணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மச்சினன் கண் காட்டினார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. பொய் சொல்லி ஒருத்தர் ரத்தத்தை எடுக்க முடியாது.

"எனக்க தம்பிக்கு மனசு ஏறி எறங்குத சூக்கேடு. அதுக்குத்தான் பாக்காவ" என்றேன்.

அந்த அம்மாள் போய்க் கதவைச் சாத்தினார். தம்பியிடம் கேட்டார். "ஏறும்பம் உறங்க மாட்டியளா?"

"மாட்டேன்."

"வேண்டாத்தது வாங்குவியளா?"

"தையல் மெஷின். நாலு."

அவர் உட்கார்ந்தார். "எனக்க அண்ணன் ரெண்டு ஆட்டோ வாங்குனாரு. ஓட்டத் தெரியாது. ஒங்களுட்ட எப்பிடிச் சொல்லன்னு முழிச்சிட்டுக் கெடந்தோம்."

அன்று எங்கள் எல்லாரையும் விட மகிழ்ந்தவர் டாக்டரம்மாதான். "உங்க அண்ணனும் ரத்தம் தருவாரா?"

"தருவாரு. ஏறி நிக்கும்பம் கேட்டா ஜீப்பும் வாங்கித் தருவாரு. இதுவள் ரெண்டும் கல்யாணம் கெட்டுனா பிள்ளையளுக்கு வருமா, அதச் சொல்லுங்க."

"வரலாம். வராமலும் இருக்கலாம். அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி."

"எப்பம் தெரியும்?"

"பத்து வருஷம் ஆகும். கூடவும் ஆகலாம்."

அந்த அம்மாள் மகளைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுக மக்களே?"

"பொறந்ததுல இருந்து சித்தப்பாவ பாத்துட்டுத்தான இருக்கேன்" என்றாள் மகள். "எனக்கு இதுல புதுசா என்ன இருக்கு?"

"அப்பம் தை மாசம் வச்சிருவோம்."

மச்சினனும் சட்டைக் கையைச் சுருட்டினார். தங்கள் பக்கம் ஒன்றுமில்லை என்பது எழுத்தில் வரட்டும் என்றார். ஊசியைப் பார்த்ததும் மயங்கினார்.

கல்யாணம் தையில் நடந்தது. ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. முடிவு வரவில்லை. பேரப்பிள்ளைகள் மூன்று.